‘நகல் பாதுகாப்பு’ வேண்டாம்: மாற்றுச் சொல் தேடும் இழை

அன்புடையீர்,

பழைய வேடமேற்புக் கணினி விளையாட்டுகளை (ஆர்.பி.ஜி.) பற்றிய ஒரு கட்டுரையைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். விளையாட்டை உருவாக்கியவர்களே, வாங்காதவர் நகலெடுத்து விளையாடாமல் தடுக்க அதில் வைத்திருந்த ‘காப்பி புரொடெக்‌ஷனை’ சில காலம் கழித்து எடுத்துவிடுவதுதான் கட்டுரையின் பொருள். வழக்கில் இருக்கும் ‘நகல் பாதுகாப்பு’ என்பதை வைத்து எழுதினால், ‘நிறுவனம் 2009-இல் நகல் பாதுகாப்பை நீக்கியது’ என்று வருகிறது. வரைவைப் படித்த என் தங்கை, “அப்படியானால் அந்த விளையாட்டைக் கணினியில் நிறுவுவது ஆபத்தா?” என்று கேட்டாள். நல்ல செய்தி கெட்ட செய்தியாகிவிட்டது. பெயர்ச்சொல் மட்டும் போதாது. அதை எடுத்துவிடும் செயலுக்கும் சேர்த்து ஒரு சொல் வேண்டும்.

————

மறுமொழி:

தங்கை கேட்டதில் தவறே இல்லை. ‘நகல் பாதுகாப்பு’ என்றால் நகலைப் பாதுகாப்பது என்றுதான் தமிழ்க் காதில் விழும். தடுக்க வந்ததைக் காக்க வந்ததாகச் சொல்கிற சொல் அது. சுருக்கி ‘நகல் காப்பு’ என்று எழுதுவோரும் உண்டு. அது இன்னும் மோசம். பேக்கப் எடுப்பதைக் ‘காப்பு நகல்’ என்கிறோம். முன்பின்னாகப் புரட்டினால் நேர் எதிர்ப் பொருள் வருகிற இரண்டு சொற்களை ஒரே துறையில் வைத்துக்கொண்டு யாரும் பிழைக்க முடியாது.

நகல் பிறமொழிச் சொல், ‘படி’ இருக்கிறதே என்று இக்குழுவில் யாரேனும் எழுதுவார்கள். முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: ‘படிப்பூட்டு’ என்று எழுதிப் பாருங்கள். படிப்பை ஊட்டுகிற கல்வித் திட்டம் போல இருக்கிறது. ‘படித்தடை’ என்றால் படிக்கவிடாமல் தடுப்பது. ‘படி’யை இந்த இடத்தில் விட்டுவிடுவோம்.

என் பரிந்துரை ‘நகற்பூட்டு’. ‘நகல்தடை’யையும் எண்ணிப் பார்த்தேன். தடை என்பது சட்டம் விதிப்பது. நகலெடுக்கக் கூடாது என்று உறையில் அச்சிட்டாலே தடை வந்துவிடுகிறது. இங்கே பேசுவது பொருளின் மேலேயே மாட்டப்பட்ட ஒரு பொறி. விளையாட்டுக் குறுவட்டுகளுக்கென மேக்ரோவிஷன் நிறுவனம் விற்ற சேஃப்டிஸ்க் என்ற பொறி வேலை செய்த விதத்தைப் பாருங்கள். விளையாட்டின் முதன்மை நிரலை மறையாக்கி, அதைத் திறந்துவிட முன்னால் ஒரு சிறு ஏற்றுநிரலை உட்கார வைத்தார்கள். வட்டில் வேண்டுமென்றே சில பகுதிகளைப் பழுதாக எழுதினார்கள். நகலெடுக்கும் கருவி அந்தப் பழுதை அதே வடிவில் மறுபடி எழுதத் திணறும். ஏற்றுநிரல் வட்டைத் தடவிப் பார்த்து, பழுது இருக்க வேண்டிய இடத்தில் பழுது இருந்தால் மட்டும் உள்ளிருக்கும் நிரலை விடுவிக்கும். அசலுக்கு அடையாளம் அதன் குறை! சோனி குழுமத்திலிருந்து வந்த செக்யுரோம் பிற்காலப் பதிப்புகளில் வேறு வழியில் போனது. வட்டின் தரவுப் பகுதிகள் ஒன்றுக்கொன்று எந்தக் கோணத்தில் அமைந்திருக்கின்றன என்று அளந்தது. எழுதும் வட்டில் எடுத்த நகலில் ஒரு பிட் கூட மாறாமல் இருந்தாலும் கோணம் பிசகிவிடும். இதைப் பூட்டு என்று சொல்லாமல் வேறு எதைச் சொல்வது?

இனி வினை. பூட்டைத் திறப்பது அன்றாடம் நடப்பது. வட்டைப் போட்டால் இன்றைக்குத் திறக்கும், நாளைக்கு மறுபடி கேட்கும். ‘கிராக்’ என்பது அயலார் செய்வது, அதற்குப் ‘பூட்டுடைப்பு’ கச்சிதமாக இருக்கிறது. உரியவரே ‘இனி இது வேண்டாம்’ என்று எடுத்துவிடுவதற்குக் ‘கழற்றல்’ என்ற சொல்லை முன்வைக்கிறேன். மாட்டுவதும் கழற்றுவதும் தமிழில் பிறவி இணை. மோதிரத்தை மாட்டியவர் கழற்றுவார். வேறொருவர் கழற்றினால் அதற்குப் பெயரே வேறு.

செயலும் உண்மையில் அப்படித்தான் நடக்கிறது. வட்டுப் பூட்டு பெரும்பாலும் விளையாட்டை எழுதியவர்களின் கைவேலை இல்லை. எல்லாம் எழுதி முடித்து, வட்டு அச்சுக்குப் போகும் முன் கடைசியாக மேலே மாட்டப்படுவது. ஆகவே உருவாக்கியவர்கள் எடுக்க நினைத்தால் எதையும் உடைக்க வேண்டியதில்லை. பூட்டு மாட்டாத நிரல் அவர்களிடம் இருக்கும்; அதை ஒரு பேட்சில் (திருத்தக் கோப்பில்) வைத்து அனுப்பினால் வேலை முடிந்தது. சிடி புரொஜெக்ட் ரெட் 2007-இல் வெளியிட்ட ‘தி விட்சர்’ விளையாட்டு, 2009-இல் வந்த 1.5 பேட்சுக்குப் பிறகு வட்டைக் கேட்பதை நிறுத்தியது. அதன் இரண்டாம் பாகம் மே 2011-இல் கடைகளுக்கு செக்யுரோமுடன் வந்தது. அதே விளையாட்டு, இணையத்தில் விளையாட்டு விற்கும் ஜி.ஓ.ஜி. தளத்தில் முதல் நாளிலிருந்தே பூட்டில்லாமல் விற்கப்பட்டது. பூட்டில்லாத பதிப்பு சுறுசுறுப்பாக ஓட, வட்டு வாங்கியவர்கள் தங்கள் பதிப்பு இழுக்கிறது என்று முறையிட்டார்கள். அந்த மாதம் முடிவதற்குள் 1.1 பேட்ச் வந்து செக்யுரோமைக் கழற்றிவிட்டது.

இந்தக் கடைசி வாக்கியத்தில் ‘கழற்றிவிட்டது’ உறுத்துகிறதா என்று பாருங்கள். எனக்கு உறுத்தவில்லை.

————

மறுமொழி:

> உரியவரே ‘இனி இது வேண்டாம்’ என்று எடுத்துவிடுவதற்குக் ‘கழற்றல்’

ஐயா, அழகாக இருக்கிறது. ஆனால் நடைமுறை இவ்வளவு அழகாக இல்லை. நிரலாளர் என்ற முறையில் சில முட்களைப் போட்டு வைக்கிறேன்.

உரியவர் யார்? நீங்கள் காட்டிய விட்சர் 2 விவகாரத்திலேயே பூட்டைக் கழற்றியதற்காகப் பதிப்பாளரான நம்கோ பண்டாய் பிரான்சில் வழக்குத் தொடுத்தது. எழுதியவர் ஒருவர், விற்றவர் ஒருவர், பூட்டுத் தயாரித்தவர் இன்னொருவர். மோதிரம் யாருடைய விரலில் இருந்தது?

அடுத்தது உங்கள் இலக்கணத்தையே கவிழ்க்கும் செய்தி. 2008-இல் யூபிசாஃப்ட் தன் ‘ரெயின்போ சிக்ஸ் வேகாஸ் 2’ விளையாட்டுக்கு ஒரு திருத்தம் வெளியிட்டது. இணையத்தில் வாங்கியவர்களிடமும் அது வட்டைக் கேட்டுத் தொல்லை செய்ததுதான் காரணம். கோப்பைப் பிரித்துப் பார்த்தவர்கள் உள்ளே ஒரு பூட்டுடைப்புக் கும்பலின் பெயரைக் கண்டார்கள். நிறுவனமே அயலார் உடைத்த கோப்பை எடுத்துத் தந்திருக்கிறது! வேடமேற்பு விளையாட்டு இல்லை, சுடும் விளையாட்டுதான்; ஆனாலும் சிக்கல் ஒன்றே. இது கழற்றலா, உடைப்பா?

‘பூட்டு மாட்டாத நிரல் அவர்களிடம் இருக்கும்’ என்பதும் நம்பிக்கை மட்டுமே. நிறுவனங்கள் மூடுகின்றன, கை மாறுகின்றன, சேமிப்பு வட்டுகள் தொலைகின்றன. ‘ஐஸ்விண்ட் டேல் 2’ விளையாட்டின் மூலநிரல் கிடைக்காததால் அதன் மறுபதிப்பு நின்றே போனது.

இன்னொன்று. குறுவட்டு வருவதற்கு முந்தைய விளையாட்டுகள் பலவற்றில் பூட்டு கிடையாது, கேள்விதான். 1988-இல் வந்த ‘பூல் ஆஃப் ரேடியன்ஸ்’ பெட்டியில் ஒன்றன்மேல் ஒன்றாகச் சுழலும் இரண்டு அட்டைத் தகடுகள் இருக்கும். திரையில் காட்டும் தேவதை எழுத்தையும் குள்ளர் எழுத்தையும் நேர்ப்படுத்தி, சொன்ன கோட்டு வழியில் துளைக்குள் தெரியும் எழுத்துகளைத் தட்டச்சிட வேண்டும். இதற்கும் நகற்பூட்டு என்று பெயர் வைப்பீர்களா?

கடைசியாக, புணர்ச்சி. ‘நகற்’ என்று திரித்துவிட்டால் ‘நகல்’ என்று தேடுகிறவருக்கு அகப்படாது. அகராதியை இன்று யாரும் புரட்டுவதில்லை, தேடுகிறார்கள். ‘நகல்பூட்டு’ என்றே இருக்கட்டும்.

————

மறுமொழி:

இலங்கையிலிருந்து ஒரு சிறு குறிப்பு. எங்களிடம் ‘திறப்பு’ என்றால் சாவி. ‘பூட்டுத் திறப்பு’ என்று யாராவது எழுதினால் நாங்கள் பூட்டும் சாவியும் என்றுதான் வாசிப்போம். ஆகவே ‘கழற்றல்’ எங்களுக்குப் பெரிய நிம்மதி.

இதற்குப் பதிலாக ஒரு சொல் தருகிறேன். விளையாட்டுப் பெட்டியில் அச்சிட்டு வரும் ‘சிடி கீ’க்குத் ‘திறப்பு எண்’ என்று வைக்கலாம். சேர்த்து மட்டும் எழுதிவிடாதீர்கள், ‘திறப்பெண்’ என்று வந்து வேறு விளையாட்டாகிவிடும். இந்த வேறுபாடு உங்கள் கட்டுரைக்குத் தேவைப்படும். 2002-இல் வந்த பயோவேரின் ‘நெவர்விண்டர் நைட்ஸ்’ பிற்காலப் பேட்சுகளில் வட்டுக் கேட்பதை விட்டுவிட்டது. திறப்பு எண்ணை விடவில்லை. பூட்டைக் கழற்றிய பிறகும் சாவியைக் கேட்ட விளையாட்டு அது.

————

மறுமொழி:

‘திறப்பு எண்’ணை இரு கை நீட்டி வாங்கிக்கொள்கிறேன்.

நிரலாள நண்பரின் முட்களுக்கு வருகிறேன். யூபிசாஃப்ட் கதையில் குழப்பம் சொல்லில் இல்லை, நடந்ததில் இருக்கிறது. உடைத்தது அயலார், வெளியிட்டது உரியவர். ‘அயலார் உடைத்த கோப்பைக் கொண்டே நிறுவனம் பூட்டைக் கழற்றியது’ என்று எழுதினால் வெட்கக்கேடு முழுவதும் ஒரே வாக்கியத்தில் வந்துவிடுகிறது. ‘நகல் பாதுகாப்பு நீக்கம்’ என்று எழுதியிருந்தால் அது தெரிந்திருக்காது. உரியவர் யார் என்பதும் அப்படியே. அதை நீதிமன்றம் பார்த்துக்கொள்ளட்டும்; கலைச்சொல் தீர்ப்பு எழுத வேண்டியதில்லை. பொருளை வெளியிட்டவர் தரப்பிலிருந்து வந்தால் கழற்றல் என்று கொள்வோம்.

சுழல் தகடும் பூட்டுதான் என்பேன். சாவி பெட்டியில் இருக்கிறது, பெட்டியை வாங்கியவரிடம் மட்டும் இருக்கிறது. ஆனால் அதைக் கழற்றுவது பற்றி நண்பர் கேட்டிருக்க வேண்டிய கேள்வி வேறு. 1992-இல் வந்த ‘அல்டிமா 7’ விளையாட்டில் டிரின்சிக் நகர மேயர் உங்களை மடக்கிக் கேள்வி கேட்பார். விடைகள் கையேட்டிலும் பெட்டியோடு வந்த துணி வரைபடத்திலும் இருக்கின்றன. விடை தவறினால் ஊரை விட்டு வெளியே போக முடியாது. பூட்டு இங்கே மேலே மாட்டப்படவில்லை, கதாபாத்திரத்தின் வாயில் வைத்துத் தைக்கப்பட்டிருக்கிறது. இன்று அதை இணையத்தில் விற்பவர்கள் கையேட்டையும் வரைபடத்தையும் பி.டி.எஃப். கோப்பாகக் கூடவே தருகிறார்கள். அங்கே நடந்தது கழற்றல் ஆகாது. பூட்டு இருந்த இடத்தில் இருக்க, சாவியைக் கதவிலேயே தொங்கவிட்டிருக்கிறார்கள். கட்டுரையில் இந்த இரண்டையும் ஒரே சொல்லால் எழுதிவிட வேண்டாம்.

இன்னும் ஒரு நிலைமைக்குச் சொல் இல்லாமல் இருக்கிறது, எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது. சேஃப்டிஸ்க் தன் வேலைக்கு விண்டோஸின் உட்கரு வரை இறங்கும் ஓர் இயக்கி நிரலை (டிரைவர்) நம்பியிருந்தது. 2015-இல் வந்த விண்டோஸ் 10 அந்த இயக்கியை ஏற்ற மறுத்தது. அதே ஆண்டு செப்டம்பரில் ஒரு பாதுகாப்புத் திருத்தம் விஸ்டா, 7, 8 பதிப்புகளிலும் அதை நிறுத்திப்போட்டது. இயக்கியில் இருந்த ஓட்டை வழியாக அயலார் கணினியைக் கைப்பற்றலாம் என்பதே காரணம். நிறுத்தியது நியாயம்தான். ஆனால் காசு கொடுத்து வாங்கிய அசல் வட்டைக் கையில் வைத்திருப்பவர் வெளியே நின்றார். உடைத்த கோப்பை வைத்திருந்தவர் உள்ளே விளையாடிக்கொண்டிருந்தார். பூட்டை யாரும் தொடவில்லை, அது தானாகத் திறக்காமல் போனது. இதற்குப் ‘பூட்டு இறுகல்’ என்று சொல்லலாமா? உருவாக்கியவர்கள் கழற்றுவதற்குப் பெருந்தன்மை ஒரு காரணம் என்றால், இந்த இறுகல் அதைவிடப் பெரிய காரணம். இறுகிய பூட்டோடு பழைய விளையாட்டை மறுபடி விற்க முடியாது.

புணர்ச்சியில் மட்டும் விட்டுக்கொடுக்க மனமில்லை. ‘கடற்படை’ என்று எழுதுகிறோம், யாரும் தேட முடியாமல் தவிக்கவில்லை.

————

மறுமொழி:

‘கடல்’ என்று தேடிப் பாருங்கள், ‘கடற்படை’ வருகிறதா என்று.

————

மறுமொழி:

இருவருக்கும் நன்றி. சண்டை வலுக்கும் முன் சொற்பட்டியலில் கீழ்க்கண்டவாறு சேர்க்கிறேன். இரு வடிவமும் இருக்கட்டும், எது நிற்கிறதோ நிற்கட்டும்.

நகற்பூட்டு, நகல்பூட்டு: மென்பொருளை நகலெடுத்துப் பயன்படுத்த முடியாதபடி வெளியிடுபவர் மாட்டும் பொறி. வட்டுச் சோதனை, சுழல் தகடு, கையேட்டு வினா ஆகியவை இதன் வகைகள்.

பூட்டுக் கழற்றல்: நகற்பூட்டை வெளியிட்ட தரப்பே நிலையாக எடுத்துவிடுவது. அயலார் செய்வது பூட்டுடைப்பு.

பூட்டு இறுகல்: இயங்குதளம் மாறியதாலோ வழங்கி (சர்வர்) நின்றுபோனதாலோ, அசல் வைத்திருப்பவருக்கும் பூட்டுத் திறக்காமல் போவது.

திறப்பு எண்: விளையாட்டை நிறுவும்போது தட்டச்சிட வேண்டிய எண். பிரித்தே எழுதுக.

கட்டுரையின் வாக்கியம் இப்போது ‘நிறுவனம் 2009-இல் நகற்பூட்டைக் கழற்றியது’ என்று நிற்கிறது. தங்கையிடம் காட்டினேன். “சரி, இறக்கிக் கொடு” என்றாள்.