புதுப்பிப்பு: கோத்தகிரியில் கையால் சுற்றிய கிட்டார் பிக்கப்

0.063 மில்லிமீட்டர் செம்புக் கம்பியால் 9,500 சுற்று சுற்றிய என் நெக் பிக்கப் (கிட்டாரின் கழுத்துப் பக்கம் இருந்து, தந்தியின் அதிர்வை மின்சைகையாக மாற்றும் காந்தச் சுருள்), விரல்களால் மீட்டும்போது மந்தமாக ஒலிக்கிறது என்று முன்பு எழுதியிருந்தேன். கம்பி அறாமல் 2,100 சுற்றுகளைப் பொறுமையாகக் கழற்றிவிட்டேன். சுற்று குறைந்தால் மின்தூண்டலும் குறைந்து ஒத்ததிர்வு உச்சம் (பிக்கப் மிகுதியாக ஒலிக்கும் அதிர்வெண்) மேலேறும் என்பதால், நகம் தந்தியில் உரசும் மெல்லிய ஓசைகூட இப்போது தெளிவாகக் கேட்கிறது. அல்னிகோ 5 காந்தங்களுக்குப் பதிலாக, தந்திகளைக் குறைவாக ஈர்க்கும் அல்னிகோ 2 வைத்ததே எனக்கு மிகவும் பிடித்த மாற்றம்.

சுருளின் தளர்ந்த கம்பிகள் அதிர்வதால் எழும் கீச்சொலியை அடக்க, உள்ளூர்த் தேன்மெழுகு ஒரு பங்கும் பாரஃபின் நான்கு பங்கும் உருக்கி, பிளாஸ்டிக் சட்டம் நெளியாதபடி 65 டிகிரிக்குள் வைத்து, காற்றுக்குமிழ்கள் நிற்கும்வரை சுருளை அதில் அமிழ்த்தினேன். இந்தக் குளிரில் மெழுகு விரைவில் உறைவதால், பாத்திரத்தை வெந்நீரிலேயே வைத்திருக்க வேண்டியிருந்தது. தந்திகளின் அடிமுனைப் பக்கம் உள்ள பிரிட்ஜ் பிக்கப்பை இன்னும் தொடவில்லை.