"லேஅவுட்" என்பதற்கு "ரயில்களம்": சிற்றுரு ரயில் கலைச்சொற்கள் பற்றி

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம்.

மாதிரி ரயில் கழகங்கள் கண்காட்சிக்காகக் கட்டும், குட்டி ரயில்கள் ஓடும் லேஅவுட்டுக்குத் தமிழில் என்ன சொல்லலாம் என்ற கேள்விக்கு வந்த பரிந்துரைகள் எல்லாவற்றையும் படித்தேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். "ரயில்களம்" என்பதே பொருந்தும் என்று நினைக்கிறேன். மற்றவற்றை ஏன் விலக்குகிறேன் என்பதையும் சொல்ல வேண்டும் அல்லவா? ஒவ்வொன்றாக வருகிறேன்.

> கணினித் துறையில் லேஅவுட்டுக்குத் தளவமைப்பு என்று ஏற்கெனவே புழங்குகிறது. அதையே எடுத்துக்கொண்டால் என்ன?

ஐயா, தளவமைப்பு என்பது எது எங்கே இருக்க வேண்டும் என்ற ஏற்பாடு. பக்கத்தின் தளவமைப்பு, மனைப்பிரிவின் தளவமைப்பு எல்லாம் காகிதத்திலோ திரையிலோ முடிந்துவிடும். ரயில் கழகத்தார் லேஅவுட் என்று சொல்வது கட்டி முடித்த பொருளை: பலகை, தண்டவாளம், மின்கம்பி, மலை, வீடு, மரம் எல்லாம் சேர்ந்த ஒன்றை. வரைபடத்துக்கு அவர்களிடம் தனிச்சொல் இருக்கிறது. அதைத் தடவரைபடம் என்று நாம் சொல்லிவிடலாம். ஒரு சொல்லைச் சோதிக்க நல்ல வழி, கழகத்தில் அன்றாடம் பேசும் வாக்கியத்தில் அதைப் போட்டுப் பார்ப்பது. "தளவமைப்பைப் பிரித்து வேனில் ஏற்றியாச்சு", "இன்று தளவமைப்பை ஓட்டுவது யார்?" இரண்டுமே நிற்கவில்லை. "ரயில்களத்தைப் பிரித்து வேனில் ஏற்றியாச்சு" என்றால் நிற்கிறது.

> தடக்களம் என்று வைக்கலாம். தண்டவாளத் தடம் ஓடும் களம்.

அழகான சொல்தான். ஆனால் தடகளம் என்றால் ஓட்டப்பந்தயமும் நீளந்தாண்டுதலும் என்று பள்ளிப் பிள்ளைகளுக்கே தெரியும். ஒரு ககர ஒற்றை நம்பி இரண்டு பொருளையும் பிரித்து வைக்க முடியாது. இன்னொரு காரணமும் உண்டு. ஒரு நல்ல லேஅவுட்டில் தடம் என்பது ஒரு பகுதிதான். லண்டனில் உள்ள மாடல் ரயில்வே கிளப் 1910இல் தொடங்கியது. கிங்ஸ் கிராஸ் நிலையத்துக்கு அருகில் கீன் ஹவுஸ் என்ற கட்டடத்தில் இயங்குகிறது. அதன் உறுப்பினர்கள் பல்லாண்டுகளாகக் கட்டிவரும் கோப்பன்ஹேகன் ஃபீல்ட்ஸ் என்ற களத்தைப் பாருங்கள். இரண்டு உலகப் போர்களுக்கு இடைப்பட்ட காலத்தில் கிங்ஸ் கிராஸுக்கு வடக்கே இருந்த நகரப்பகுதியை அது காட்டுகிறது. நிஜத்தின் ஓர் அடிக்கு 2 மில்லிமீட்டர், அதாவது 1:152 என்ற விகிதம். முன்னால் ரயில் ஓடும் இடம் அந்த விகிதத்திலேயே இருக்கும். பின்னால் போகப்போகக் கட்டடங்களை இன்னும் சிறிதாகச் செய்திருக்கிறார்கள். அதனால் சில அடி ஆழத்துக்குள் லண்டன் வெகுதூரம் விரிந்து கிடப்பதுபோலத் தெரிகிறது. 1855இல் திறந்த கால்நடைச் சந்தையின் மணிக்கூண்டு அங்கே இன்றும் நிற்கிறது. சிற்றுருவிலும் அது உண்டு. ஒரு ஊரையே இப்படிச் செய்து வைத்திருப்பதைத் தடம் என்ற சொல்லுக்குள் அடைப்பது அவர்கள் உழைப்புக்கு நியாயமில்லை.

> நடமாடும் நூலகம்போல நடமாடும் ரயில்நகர் என்றால் கண்காட்சிக்குக் கொண்டுபோகும் தன்மையும் வந்துவிடுமே?

வந்துவிடும். அதுதான் சிக்கல். எல்லா லேஅவுட்டும் நடமாடுவதில்லை. புனேயில் ஜோஷி சிற்றுரு ரயில் அருங்காட்சியகத்தில் இருப்பது நிலையானது. ஹாம்பர்க்கில் 2001இல் திறந்த மினியாட்டூர் வுண்டர்லாண்டும் அப்படித்தான். இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டுஷயரில் பெண்டன் அருங்காட்சியகத்தில் 1930களின் கிராமப்புறத்தை ஒவ்வொரு குடிசையாகச் செய்து வைத்திருக்கிறார்கள். அதையும் யாரும் தூக்கிக்கொண்டு போவதில்லை. தாய்ச்சொல் பொதுவாக இருக்கட்டும். தேவைப்படும்போது கண்காட்சி ரயில்களம், வீட்டு ரயில்களம், நிலை ரயில்களம் என்று முன்னொட்டு சேர்த்துக்கொள்ளலாம்.

> ரயில் கொலு! நம் வீடுகளில் நவராத்திரி பார்க்கில் ரயில் விடுவது வழக்கம்தானே?

அம்மா, இந்தப் பரிந்துரையைப் படித்தபோது உண்மையாகவே மகிழ்ந்தேன். படிகளுக்குப் பக்கத்தில் மண் பரப்பி, கடுகோ ராகியோ விதைத்துப் பச்சை வரவைத்து, குளத்துக்குக் கண்ணாடி வைத்து, சுற்றி ரயில் விடும் பார்க் நமக்கே உரிய சிற்றுருக் கலை. அதை இந்தத் துறையின் வரலாற்றில் சேர்த்தே எழுத வேண்டும். ஆனாலும் கொலு என்பதன் வேர்ப்பொருள் வீற்றிருத்தல். ஒருமுறை வைத்துவிட்டால் முடியும்வரை பொம்மைகளை அசைப்பதில்லை. லேஅவுட்டின் உயிரே அதை இயக்குவதில் இருக்கிறது: சரக்கு வண்டி வந்து நிற்க வேண்டும், இன்ஜின் கழன்று ஷண்டிங் செய்ய, அதாவது பெட்டிகளைத் தடம் மாற்றிச் சேர்க்க வேண்டும், பயணி வண்டிக்கு வழிவிட வேண்டும். ஒரே நிலையில் நிற்கும் டியோரமாவுக்குக் காட்சிப்பேழை என்ற சொல்லை ஒதுக்கிவிடலாம். அது ஓடாதது, இது ஓடுவது என்ற வேறுபாட்டை நம் சொற்களும் காக்க வேண்டும்.

களம் என்ற சொல்லை நான் பிடித்துக்கொண்டிருப்பதும் இதனால்தான். நெற்களம், போர்க்களம், ஆடுகளம் எதை எடுத்தாலும் ஒரு செயலுக்கென்று ஒழுங்குபடுத்திய இடம், அங்கே செயல் நடக்கிறது, சுற்றிலும் ஆள் நிற்கிறார்கள். "ரயில்களம் என்றால் நிஜ ரயில்வே யார்டு என்று எடுத்துக்கொள்வார்களே" என்ற ஐயமும் வந்தது. நிஜ யார்டை யாரும் களம் என்று சொல்வதில்லை. யார்டு என்றும் பணிமனை என்றும்தான் சொல்கிறார்கள். குழப்பம் வரும் இடத்தில் "சிற்றுரு ரயில்களம்" என்று முழுதாக எழுதலாம்.

சிற்றுரு என்று நான் எழுதுவதற்கும் காரணம் சொல்ல வேண்டும். "மாதிரி ரயில்" என்பது செய்தித்தாளில் எப்படி வரும் என்று நினைத்துப் பாருங்கள்: தொழிற்சாலையில் புதிய ரயிலின் முதல் மாதிரியைச் சோதித்தார்கள் என்று வரும். இத்துறையில் இன்னும் மோசமான சிக்கல் ஒன்று உண்டு. இவர்கள் புரோட்டோடைப் என்று சொல்வது தாங்கள் பார்த்துச் செய்யும் நிஜ ரயிலை, நிஜ நிலையத்தை. பொறியியல் அகராதியைப் பார்த்து அதை முன்மாதிரி என்று எழுதினால் படிப்பவர் சோதனைக்குச் செய்த வண்டி என்று எடுத்துக்கொள்வார். அதற்கு "அசல்" என்று எழுதினால் போதும். அசலில் இந்த நிலையத்துக்கு மூன்று நடைமேடை, ரயில்களத்தில் இரண்டுதான் என்றால் எல்லாருக்கும் புரியும்.

அடுத்து ஸ்கேல், கேஜ். ஸ்கேல் என்பது அசலை எத்தனை மடங்கு சிறிதாக்கினோம் என்பது; கேஜ் என்பது இரண்டு தண்டவாளங்களுக்கு இடையே உள்ள அகலம். இரண்டையும் "அளவு" என்றே சில குறிப்புகளில் எழுதியிருக்கிறோம். இதை இப்போதே திருத்த வேண்டும். பிரிட்டனில் பெரும்பான்மையானோர் செய்யும் ஓஓ வகையில் வண்டிகள் 1:76.2 விகிதத்தில் இருக்கின்றன. தண்டவாளங்களுக்கு இடையே 16.5 மில்லிமீட்டர். பிரிட்டனின் அசல் பாதை அகலமான 1435 மில்லிமீட்டரை 76.2ஆல் வகுத்தால் 18.83 வர வேண்டும். ஆக, வண்டிக்கு ஒரு விகிதம், பாதைக்கு வேறொரு விகிதம். பிரிட்டிஷ் ரயில் பெட்டிகளும் இன்ஜின்களும் ஐரோப்பிய வண்டிகளைவிட ஒடுக்கமானவை. 16.5 மில்லிமீட்டர் பாதைக்குப் பொருந்தும் 1:87 விகிதத்தில் செய்தால் அக்கால மோட்டார் உள்ளே அடங்கவில்லை. பாதையை அப்படியே விட்டு உடலை மட்டும் பெரிதாக்கினார்கள். இது உறுத்துகிறது என்று 18.2 மில்லிமீட்டரில் பாதை போடுகிறவர்களும், 18.83ஐயே விடாப்பிடியாகப் போடுகிறவர்களும் கழகங்களில் உண்டு. இந்த விவாதத்தைத் தமிழில் எழுத வேண்டுமானால் "விகிதம்", "பாதை அகலம்" என்று இரண்டு சொல் கட்டாயம் வேண்டும். நம் ஊர் ரயிலைச் செய்கிறவருக்கும் இது நேரடியாகப் பொருந்தும். அகலப்பாதை 1676 மில்லிமீட்டர். 1:87இல் அது 19.26. கடையில் கிடைப்பது 16.5 பாதைதான். நீலகிரி மலை ரயிலின் மீட்டர் பாதை அதே விகிதத்தில் 11.5க்குச் சற்றுக் குறைவு. 12 மில்லிமீட்டர் பாதை கிடைப்பதால் அவருக்குக் கவலை குறைவு.

இனி, யாரும் கேட்காத ஒரு சொல்லைப் பற்றி. கண்காட்சி ரயில்களத்துக்கு ஃபிடில் யார்டு, அதாவது வண்டிகளை மறைவில் நிறுத்தி வைக்கும் இடம், இல்லாமல் முடியாது. ஃபிடில் என்ற பெயரைப் பார்த்து வயலினை நினைத்துவிட வேண்டாம். கையால் எடுத்து வைத்து மாற்றுவதையே அது குறிக்கிறது. பார்வையாளருக்குத் தெரியும் பகுதியில் ஒரு நேரத்தில் ஓரிரண்டு வண்டிதான் இருக்கும். மற்ற வண்டிகள் எல்லாம் மறைவில் காத்திருக்கும், மேடைக்கு வர வேண்டிய நடிகர்கள்போல. கண்காட்சிக்கு வந்தவர் சில நிமிடம் எதுவும் அசையவில்லை என்றால் அடுத்த மேசைக்குப் போய்விடுவார். அவரை நிறுத்தி வைப்பது இந்த மறைவிடத்தின் வேகம்தான். பல கிளைத் தடங்கள் உள்ள வகை உண்டு. மேசை முழுதும் பக்கவாட்டில் நகர்ந்து தடத்தைப் பொருத்தும் வகை உண்டு. ஒரு முனையில் அச்சு வைத்து விசிறிபோலத் திரும்பும் தட்டு உண்டு. எனக்கு மிகவும் பிடித்தது காசெட் வகை. ஒரு மரச்சட்டத்தில் இரண்டு அலுமினியக் கோணப்பட்டிகளை இணையாகப் பதித்திருப்பார்கள். அவையே தண்டவாளம், மின்சாரமும் அவை வழியாகவே. வண்டி அதில் ஏறி நின்றதும் சட்டத்தோடு தூக்கித் திருப்பி வைத்துவிடலாம். வண்டியைக் கை தொடுவதே இல்லை.

இதற்கு இரண்டு சொல் யோசித்தேன்: பின்முற்றம், மறைமுற்றம். வட்டமாக ஓடும் களத்தில் இது பின்னால்தான் இருக்கும். ஆனால் ஒரு முனையில் நிலையம், மறுமுனையில் மறைவிடம் என்று நீளவாக்கில் கட்டிய களங்கள் நிறைய உண்டு; அங்கே அது பக்கத்தில் இருக்கிறது. ஆகவே மறைமுற்றம். மேற்சொன்ன வகைகளைக் கிளைத்தடம், நகர்மேசை, விசிறித்தட்டு, தூக்குத்தடம் என்று அதன் கீழே வரிசைப்படுத்தலாம்.

> மாட்யூலுக்கு அலகு என்று வைத்துவிட்டால் பிரித்துக் கட்டும் லேஅவுட் எல்லாவற்றுக்கும் அது போதும்.

போதாது, தம்பி. இங்கே இரண்டு வேறு பொருள்கள் இருக்கின்றன. ஒரு கழகம் தன் களத்தைத் தூக்க வசதியாகப் பல பலகைகளாகக் கட்டுகிறது. சுமார் நாலடி நீளம், இரண்டு பேர் தூக்கும் எடை. ஒரு பலகையின் விளிம்பில் பித்தளை முளை, எதிர்ப் பலகையில் அது உட்காரும் குழி. 9 மில்லிமீட்டர் பாதையில் அரை மில்லிமீட்டர் விலகினாலும் வண்டி தடம்புரளும் என்பதால் விளிம்பில் தண்டவாளத்தைப் பித்தளைத் திருகின் தலையோடு சேர்த்துப் பற்றவைத்துவிடுவார்கள். இந்தப் பலகைகள் தங்களுக்குள் ஒரே வரிசையில்தான் சேரும். மற்றொன்று, விளிம்பின் அளவுகளை எல்லாரும் முன்கூட்டியே ஒப்புக்கொண்டு, யார் செய்ததும் யாருடையதோடும் சேரும்படி செய்வது. 1981இல் ஜெர்மனியில் தொடங்கிய ஃபிரெமோ அமைப்பினர் அப்படித்தான் செய்கிறார்கள். பல நாட்டு உறுப்பினர்கள் ஒரு பெரிய கூடத்தில் கூடி, வீட்டில் தனித்தனியே செய்ததை இணைத்து நீண்ட பாதையாக்கி, கால அட்டவணை போட்டு ஓட்டுகிறார்கள். அமெரிக்காவில் 1970களில் தோன்றிய என்ட்ராக் முறையில் மூன்று தடங்கள்; சிவப்பு, மஞ்சள், நீலம் என்று அவற்றுக்குப் பெயர். முதல் வகைக்குப் பிரிபலகை, இரண்டாம் வகைக்கு இணைகூறு என்று தனித்தனியே வைப்போம். பிரிபலகைக் களம் ஒரு கழகத்தின் ஆக்கம், இணைகூற்றுக் களம் ஒரு உடன்படிக்கையின் ஆக்கம். இரண்டையும் அலகு என்று ஒன்றாக்கினால் அந்த வேறுபாடே தமிழில் இல்லாமல் போய்விடும்.

அப்புறம், புதுச்சொல் தேவையே இல்லாத இடங்கள். ரயில்வே ஊழியர்களும் ஊர் மக்களும் ஏற்கெனவே வைத்திருக்கும் சொற்களை நாம் தொடக் கூடாது. தண்டவாளத்துக்குக் குறுக்கே கிடப்பது சிலிப்பர் கட்டை. அடியில் பரப்புவது ஜல்லி. சிற்றுருவில் அரைத்த கல்லைத் தூவிப் பசை விட்டாலும் அது ஜல்லிதான். கை ஏறி இறங்கும் பழைய சிக்னல் கைகாட்டி. ஒரு தடம் இரண்டாகப் பிரியும் பாயிண்ட் பாயிண்டாகவே இருக்கட்டும். பின்னால் வானமும் மலையும் தீட்டி நிறுத்தும் பலகைக்கு நம் நாடகக் கம்பெனிகள் கொடுத்த படுதா இருக்கிறது. பின்படுதா என்றால் முடிந்தது. ரயிலா, தொடர்வண்டியா, புகைவண்டியா என்ற பழைய வழக்கை இங்கே மீண்டும் எடுக்க எனக்கு விருப்பமில்லை. இலங்கை நண்பர்கள் புகையிரதம் என்று எழுதினாலும் கோச்சி என்று பேசினாலும் அவர்கள் விருப்பம்; களம் என்ற பின்பகுதி எல்லாருக்கும் பொது.

இன்னும் தீராதது ஒன்று உண்டு. கண்காட்சியில் களத்துக்குப் பின்னால் நின்று, வரிசை அட்டையைப் பார்த்துப் பார்த்து வண்டிகளை விடுபவர். மறுமுனையில் இருப்பவருக்கு மணியடித்துச் சொல்லிவிட்டுத்தான் வண்டியை அனுப்புவார்; இடைவேளையில் தண்டவாளத்தைத் துடைப்பவரும் அவரே. இயக்குநர் என்றால் சினிமா, ஓட்டுநர் என்றால் ஒரு வண்டிக்கு மட்டும். நிலைய அதிபர், கைகாட்டிக்காரர், ஓட்டுநர் மூவர் வேலையையும் ஒருவரே பார்க்கிறார். இவருக்குத் தகுந்த சொல் இருந்தால் அனுப்புங்கள். அதுவரை "களத்தார்" என்று எழுதிவருகிறேன்.

அன்புடன்.