வீடு வீடாகக் கணக்கெடுக்க ஆள் வேண்டும்

வணக்கம். வடசென்னையில் எங்கள் குடியிருப்பு 1971-ஆம் ஆண்டு குடிசைப் பகுதிச் சட்டத்தின்படி குடிசைப் பகுதியாக இன்னும் அறிவிக்கப்படவில்லை. அறிவித்துவிட்டால், உரிய அனுமதி இல்லாமல் யாரும் எங்களைக் காலி செய்ய வைக்க முடியாது. குடிசைகளை அகற்றி மாற்று வீடு கொடுத்த பெரும்பாக்கம், கண்ணகி நகருக்குப் போனவர்கள் வேலைக்கும் பள்ளிக்கும் படும் பாட்டைப் பார்த்துவிட்டோம். இங்கேயே குழாயும் கழிவுநீர் இணைப்பும் வேண்டும்.

குடிசைப் பகுதியாக அறிவிக்கக் கேட்டு மனு போடுவதற்காக, மகளிர் குழுவினர் ஒரு நோட்டில் வீடுகளை எழுதத் தொடங்கிவிட்டார்கள். பாதி ரேஷன் கார்டுகள் வெள்ளத்தில் நனைந்து எழுத்தே தெரியவில்லை. பழைய கரண்ட் பில், பிள்ளைகளின் பள்ளிச் சான்றிதழ் என்று தேடிக்கொண்டிருக்கிறோம். வரைபடம் போடத் தெரிந்தவர்கள், மனு எழுத உதவும் வழக்கறிஞர்கள் யாராவது இருக்கிறீர்களா? ஞாயிறு காலை வந்தால் போதும். அப்புறம், இப்படி மனு போட்டு அனுபவம் உள்ளவர்கள் அந்த நகலைப் பகிர்ந்தால் பெரிய உதவி.