ஓடிபி கேட்டு வந்த தம்பிகள்: எங்கள் தெருக் குழுவில் நடந்த பேச்சு

மதுரை. தெரு நலச் சங்கத்தின் வாட்ஸ்அப் குழு. சனிக்கிழமை மாலை.

மீனாட்சி: ஜோசப் அண்ணே, மதியம் கட்சிக்காரத் தம்பிகள் ரெண்டு பேர் நம்ம தெருவுக்கு வந்தார்களாமே, யார் யார் வீட்டுக்கு வந்தார்கள்? நான் வேலைக்குப் போயிருந்தேன், வீட்டில் அத்தை மட்டும்தான். பெயர், வயது, போன் நம்பர் எல்லாம் வாங்கிக்கொண்டு, கடைசியில் போனுக்கு வந்த எண்ணையும் படித்துச் சொல்லச் சொல்லியிருக்கிறார்கள். அத்தையும் சொல்லிவிட்டார்.

ஜோசப்: எங்கள் வீட்டுக்கும் வந்தார்கள் மீனாட்சி. மரியாதையாகத்தான் பேசினார்கள். ஓடிபி என்றதும் "வேண்டாம் தம்பி" என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

பாத்திமா: அக்கா, அந்த மெசேஜ் அத்தை போனில் இருக்கிறதா? யார் பெயரில் வந்தது என்று முதலில் பாருங்கள். வங்கி சம்பந்தப்பட்டதாக இருந்தால் உடனே சைபர் மோசடிப் புகார் எண் 1930க்குக் கூப்பிட வேண்டும்.

மீனாட்சி: பார்த்துவிட்டேன் பாத்திமா. பணம் ஒன்றும் போகவில்லை. உறுப்பினர் சேர்க்கைக்கான எண் என்றுதான் இருக்கிறது. அதற்குக் கீழே இன்னொரு மெசேஜ், உறுப்பினர் ஆனதற்கு நன்றி என்று. அத்தைக்கு எழுபத்து நாலு வயது. இதுவரை ஒரு கட்சியிலும் சேர்ந்தவர் இல்லை. ஏதோ கணக்கெடுப்பு என்று நினைத்துத்தான் சொல்லியிருக்கிறார். கேட்காமலேயே சேர்த்துவிட்டார்களே, அதுதான் எனக்குக் கோபம்.

செல்வம்: மீனாட்சி அக்கா, நான் கட்சியில் இருக்கிறவன் என்று எல்லாருக்கும் தெரியும். வந்தவர்கள் எங்கள் பிள்ளைகள் இல்லை. ஆனாலும் நாங்களும் இதே மாதிரி வீடு வீடாகப் போகிறோம், அதனால் எனக்குச் சம்பந்தமில்லை என்று நான் ஒதுங்க மாட்டேன். உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்தவரை சொல்கிறேன்.

செல்வம்: வாக்காளர் பட்டியல் எல்லாக் கட்சிக்கும் கிடைக்கிறது. அதில் பாகம் எண், வரிசை எண், பெயர், அப்பா அல்லது கணவர் பெயர், வீட்டு எண், வயது, ஆணா பெண்ணா, அடையாள அட்டை எண் எல்லாம் இருக்கும். இல்லாதது போன் நம்பர் ஒன்றுதான். பாகம் என்றால் ஒரு பூத்தின் பட்டியல், அதில் ஆயிரம், ஆயிரத்து இருநூறு பேர். அந்தப் பெயர்களுக்கு நேரே நம்பரை ஏற்றிவிட்டால் அப்புறம் நோட்டீஸ் அடிக்க வேண்டாம், மைக் செட் வேண்டாம். இந்தத் தெருவில் முதல் ஓட்டுப் போடுகிற பிள்ளைகளுக்கு ஒரு வீடியோ, ஓய்வூதியக்காரர்களுக்கு வேறொரு வீடியோ என்று பிரித்து அனுப்பலாம். மேலிடம் எங்களிடம் தினமும் கேட்கிற கணக்கும் அதுதான்: உங்கள் பாகத்தில் எத்தனை நம்பர் ஏறியது?

ராமநாதன் ஐயா: பட்டியலைக் கணினியில் தேட முடியாத மாதிரிப் படமாகத்தானே தருகிறார்கள்?

செல்வம்: ஆமாம் ஐயா. தேடக்கூடிய வடிவில் தர வேண்டும் என்று காங்கிரஸ் தலைவர் கமல்நாத் போட்ட வழக்கை 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றமே ஏற்கவில்லை. அதனால் ஒவ்வொரு கட்சியும் தானே பெயர்களை ஏற்றி ஆப்பில் வைத்துக்கொள்கிறது. பூத் கமிட்டிப் பையன் கையில் இருக்கிற போனைப் பாருங்கள். வீட்டு எண்ணைத் தட்டினால் அந்த வீட்டு ஓட்டு அத்தனையும் வரும். பெயருக்குப் பக்கத்தில் நம்மவர், எதிர்த்தரப்பு, இன்னும் முடிவு செய்யாதவர் என்று குறித்துவைக்க இடம் இருக்கும். நம்பர் ஏறாத பெயர் சிவப்பில் நிற்கும்.

மீனாட்சி: எங்கள் வீட்டைப் பற்றியும் அப்படிக் குறித்து வைத்திருக்கிறார்களா?

செல்வம்: எல்லாக் கட்சியிலும் இருக்கும் அக்கா. முன்பு வட்டச் செயலாளர் மனசில் இருந்த கணக்கு இப்போது சர்வரில் இருக்கிறது.

பாத்திமா: அங்கேதான் எனக்குச் சிக்கல் செல்வம் அண்ணே. வட்டச் செயலாளர் மனசில் இருந்ததை யாரும் நகலெடுத்து விற்க முடியாது. இதை முடியும்.

கார்த்திக்: பாத்திமா அக்கா, ஆனால் ஓடிபி இல்லாவிட்டால் போலி உறுப்பினர் சேர்க்கை நடக்குமே. உட்கார்ந்த இடத்தில் ஆயிரம் நம்பர் போட்டு ஏற்றிவிடுவார்கள்.

செல்வம்: தம்பி சொல்வது உண்மை. பாஜக 2014 நவம்பரில் மிஸ்டு கால் கொடுத்தால் உறுப்பினர் என்று ஆரம்பித்தது. 2015 மார்ச்சுக்குள் சீனக் கம்யூனிஸ்ட் கட்சியைத் தாண்டி உலகத்திலேயே பெரிய கட்சி ஆகிவிட்டோம் என்று அறிவித்தார்கள். ஆனால் மிஸ்டு கால் கொடுத்தவர் யார், எந்த ஊர் என்று அந்த நம்பர் சொல்லாது. அதற்காக வீடு வீடாகப் போய்ப் பார்க்கத் தனி இயக்கமே நடத்த வேண்டியிருந்தது. திமுக 2020 செப்டம்பரில் 'எல்லோரும் நம்முடன்' என்று இணையவழிச் சேர்க்கையைத் தொடங்கியது, அது கொரோனா நேரம். 2024 மார்ச் 8ஆம் தேதி விஜய் தன் கட்சிக்கு ஆப் வழியாகச் சேர்க்கையைத் தொடங்கியபோது ஆட்கள் குவிந்ததில் தளமே திணறியது. எல்லாருக்கும் வேண்டியது ஒன்றுதான், ஆளோடு பொருந்துகிற நம்பர். அதை உறுதி செய்யத்தான் ஓடிபி.

பாத்திமா: உறுதி செய்ய வேண்டும், சரி. ஆனால் சேர விரும்புகிறவர் தன் போனில், தன் கையால் அல்லவா அதைப் போட வேண்டும்? வாசலில் நிற்கிற ஆளிடம் ஏன் படித்துச் சொல்ல வேண்டும்? நான் வேலை பார்ப்பது வங்கியில். ஓடிபியை யாரிடமும் சொல்லாதீர்கள் என்று நாங்கள் தொண்டை வறளச் சொல்கிறோம். கட்சி வேட்டி கட்டியவர் கேட்டால் சொல்லலாம் என்று பழகிவிட்ட பெரியவர்களிடம், நாளைக்கு ஒரு திருடன் அதே வேட்டியில் வந்து கேட்டால் என்ன செய்வது?

ராமநாதன் ஐயா: இது நம்ம ஊர் ஹைகோர்ட் கிளைக்கே வந்த விஷயம். 2025 ஜூலையில் திமுக 'ஓரணியில் தமிழ்நாடு' சேர்க்கை நடத்தியபோது சிவகங்கை மாவட்டத்துக்காரர் ஒருவர் வழக்குப் போட்டார். ஆதார் விவரம் கேட்கிறார்கள், ஓடிபி வாங்குகிறார்கள் என்பது அவர் புகார். ஆதார் வாங்கவே இல்லை, ஓடிபி உறுப்பினரைச் சரிபார்க்கத்தான் என்பது கட்சியின் பதில். கோர்ட் ஓடிபி அனுப்ப இடைக்காலத் தடை போட்டது. ஆகஸ்டில் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார்கள், அங்கேயும் தடையை நீக்கவில்லை. உறுப்பினர் சேர்க்கவே கூடாது என்று கோர்ட் சொல்லவில்லை, கவனியுங்கள். அந்த எண்ணை வாங்குகிற முறையைத்தான் நிறுத்தியது.

பாத்திமா: என் தங்கை புதுச்சேரியில் இருக்கிறாள் ஐயா. அங்கே 2021 தேர்தலில் நடந்தது இதைவிடப் பெரிது. பாஜக பெயரில் பாகம் வாரியாக வாட்ஸ்அப் குழு ஆரம்பித்து, அதில் சேர லிங்க் வைத்து எஸ்எம்எஸ் வந்தது. ஆதாரோடு இணைத்த நம்பருக்கு மட்டும் வருகிறதே, எப்படி என்று ஜனநாயக வாலிபர் சங்கத்தினர் சென்னை உயர் நீதிமன்றம் போனார்கள். தொண்டர்கள் வீடு வீடாகப் போய் வாங்கிய நம்பர்கள் என்று பாஜக சொன்னது. கோர்ட் அதை லேசாக விடவில்லை, ஆதார் ஆணையத்திடமே விளக்கம் கேட்டது.

மீனாட்சி: அப்படியானால் நம்பர் எங்கிருந்து போனது என்று நமக்குத் தெரியவே தெரியாதா?

பாத்திமா: இப்போதைக்கு அதுதான் நிலைமை அக்கா. தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023லேயே வந்துவிட்டது. விதிகள் 2025 நவம்பரில்தான் வெளியாயின, ஒப்புதல் வாங்குவது, அழிப்பது பற்றிய முக்கியமான பகுதிகளுக்கு 18 மாத அவகாசம் கொடுத்திருக்கிறார்கள். அதுவரை நாமேதான் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒன்று இப்போதே செய்யலாம். வாட்ஸ்அப்பில் செட்டிங்ஸ், பிரைவசி, குரூப்ஸ் போய் 'மை கான்டாக்ட்ஸ்' என்று வையுங்கள். தெரியாதவர்கள் நம்மைக் குழுவில் சேர்க்க முடியாது. 2019 தேர்தல் சமயத்தில் வந்த வசதி, பாதிப் பேர் தொட்டதே இல்லை.

ஜோசப்: இப்போதே மாற்றிவிட்டேன். எல்லாரும் மாற்றுங்கள். தெரியாதவர்கள் கேளுங்கள், நாளைக் காலை நான் வீட்டுக்கு வந்து மாற்றித் தருகிறேன்.

கார்த்திக்: நான் ஒன்று கேட்கலாமா? நானே விரும்பி, க்யூஆர் ஸ்கேன் பண்ணி ஒரு கட்சியில் சேர்ந்தேன். அடையாள அட்டை இரண்டே நிமிடத்தில் வந்தது, சந்தோஷமாக இருந்தது. அப்புறம் வார்டு குழுவில் சேர்த்தார்கள். அதில் அட்மின் மட்டும்தான் எழுத முடியும். தினமும் காலையில் ஒரு போஸ்டர், மதியம் ஒரு வீடியோ, சாயங்காலம் ஒரு ஹேஷ்டேக். நம்ம தெருக் கோடியில் பாதாளச் சாக்கடை மூடி உடைந்து கிடக்கிறதே, அதைப் பற்றிக் கவுன்சிலரிடம் பேச வேண்டும் என்று நினைத்தேன். சொல்ல இடமே இல்லை. அட்மினுக்குத் தனியாக அனுப்பினேன், நீலக் கோடு விழுந்தது, பதில் இல்லை.

ராமநாதன் ஐயா: கார்த்திக், நீ சொன்னதுதான் எனக்கு இந்த ஓடிபியைவிடப் பெரிய விஷயம். நாங்கள் சேர்ந்த காலத்தில் உறுப்பினர் சீட்டு ஒன்று தருவார்கள். அந்தச் சீட்டு இருந்தால் கிளைத் தேர்தலில் ஓட்டு உண்டு. கிளைச் செயலாளரை நாங்கள்தான் தேர்ந்தெடுப்போம், சரியில்லை என்றால் அடுத்த தடவை மாற்றுவோம். சாயங்காலமானால் படிப்பகத்தில் கூடுவோம். ஒருவர் கட்சிப் பத்திரிகையைச் சத்தமாகப் படிப்பார், மற்றவர்கள் நடுவில் நிறுத்திக் கேள்வி கேட்பார்கள். தலைமை எடுத்த முடிவு பிடிக்கவில்லை என்றால் அங்கேயே சொல்வோம், சண்டைகூட வரும். வெளியூரிலிருந்து பேச்சாளர் வந்தால் மேடைக்குப் பின்னால் போய்ப் பிடித்துக்கொள்வோம். அந்தக் காலத்திலும் பணம், சாதி எல்லாம் இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் உறுப்பினர் என்றால் பேசுகிறவன்.

ராமநாதன் ஐயா: இன்றைக்கு ஒரு போனில் ஒரு கோடிப் பேரைச் சேர்க்க முடிகிறது. அதே போனில் அந்த ஒரு கோடிப் பேரிடமும் கருத்துக் கேட்கவும் முடியும், வேட்பாளர் யார் என்று உறுப்பினர்களையே கேட்டுவிடலாம். அதற்கு ஏன் ஒருவரும் ஆப் செய்யவில்லை?

செல்வம்: ஐயா, நேராகச் சொல்கிறேன். மேலிடத்துக்குத் தொண்டனின் கருத்து வேண்டும், ஆனால் அது தனியாக, கணக்கெடுப்பாக வர வேண்டும். எல்லார் முன்னாலும் பேசினால் ஸ்கிரீன்ஷாட் எடுத்து எதிர்க்கட்சி போட்டுவிடும் என்று பயம். அந்தப் பயமும் பொய்யில்லை, எங்கள் குழுவிலேயே நடந்திருக்கிறது. அதனால்தான் பூட்டிவிட்டார்கள். ஐடி விங்கில் எங்களுக்குக் கிடைப்பது ஒரு ஃபைல். அதில் இருபது, முப்பது பதிவுகள் எழுதித் தயாராக இருக்கும். சரியாக ஆறு மணிக்குப் போட வேண்டும், முன்னாடி போட்டால் ட்ரெண்ட் ஆகாது. வார்த்தையைக் கொஞ்சம் மாற்றிப் போடுங்கள், அப்படியே ஒட்டாதீர்கள் என்று குறிப்பு இருக்கும். நான் எழுத ஆசைப்பட்டுத்தான் அதில் சேர்ந்தேன் ஐயா. என் வரி ஒன்றுகூட இதுவரை போனதில்லை.

மீனாட்சி: செல்வம், இதை வெளியில் சொன்னதற்கு உனக்குப் பிரச்சினை வராதா?

செல்வம்: கட்சி மேல் எனக்குப் பிரியம் இருக்கிறது அக்கா. அதனால்தான் சொல்கிறேன். இதையே எங்கள் மாவட்டக் கூட்டத்திலும் சொல்வேன்.

ஜோசப்: குரலையே மாற்றிப் போடுகிறார்களே, அது என்ன கணக்கு? 2024ல் கலைஞர் பேசுகிற மாதிரி வீடியோ வந்தது, ஜெயலலிதா பிறந்தநாளுக்கு அவர் குரலில் அதிமுக ஆடியோ விட்டது. எங்கள் அம்மா அதைக் கேட்டுவிட்டுக் கண் கலங்கினார்.

பாத்திமா: அது செயற்கை என்று கட்சிகளே சொல்லித்தான் வெளியிட்டன அண்ணே. சொல்லாமல் வருவதுதான் ஆபத்து. போலி வீடியோவைச் சுட்டிக்காட்டினால் கட்சிகள் 3 மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டும் என்று 2024 மே மாதம் தேர்தல் ஆணையம் சொன்னது. ஆனால் பேஸ்புக்கிலிருந்து எடுத்தாலும் குடும்பக் குழுக்களில் போனது போனதுதான். அங்கே ஆணையத்துக்குக் கண் இல்லை.

பாத்திமா: கண் இருக்கிற இடமும் ஒன்று உண்டு. பேஸ்புக், இன்ஸ்டாகிராமில் வருகிற அரசியல் விளம்பரம் யார் பணத்தில் வருகிறது என்று மெட்டாவின் விளம்பர நூலகத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், கூகுளிலும் உண்டு. கட்சிப் பெயரே இல்லாத பக்கங்கள் ஒரு கட்சியைப் புகழ்ந்தோ திட்டியோ விளம்பரம் கொடுப்பதை அங்கே பார்க்கலாம். வேட்பாளர் செலவுக் கணக்கில் இணைய விளம்பரமும் சேர வேண்டும், சமூக வலைத்தளக் கணக்குகளைப் பிரமாணப் பத்திரத்தில் சொல்ல வேண்டும் என்று ஆணையம் 2013லேயே சொல்லிவிட்டது. மூன்றாவது ஆள் பெயரில் பக்கம் நடத்தினால் அந்தச் செலவு யார் கணக்கில் ஏறும்? அதை யாராவது தேடிப்பிடித்துப் புகார் கொடுத்தால்தான் உண்டு.

கார்த்திக்: நான் தேடுகிறேன் அக்கா. நம்ம தொகுதிப் பெயரைப் போட்டுப் பார்க்கிறேன்.

ஜோசப்: சரி, சங்கச் செயலாளராக ஒன்று சொல்லிவிடுகிறேன். நம்ம சங்கத்தில் இருக்கிற பெயர், நம்பர் பட்டியல் எந்தக் கட்சிக்கும் போகாது. போன மாதம் ஒருவர் வந்து கேட்டார், கொடுக்கவில்லை. இந்தக் குழுவில் எந்தக் கட்சி லிங்கும் வேண்டாம். பேச்சு இருக்கட்டும், இன்றைக்குப் பேசின மாதிரி.

செல்வம்: எனக்குச் சம்மதம் அண்ணே. மீனாட்சி அக்கா, அந்தக் கட்சியின் வட்டச் செயலாளர் எனக்குப் பழக்கம். அத்தை பெயரை நீக்கச் சொல்லிக் கேட்கிறேன்.

ஞாயிறு காலை

செல்வம்: பேசிவிட்டேன் அக்கா. அவர் வருத்தம் தெரிவித்தார். பையன்களுக்கு நாளுக்கு இவ்வளவு என்று கணக்கு வைத்துவிட்டார்களாம், அந்த அவசரத்தில் பெரியவர்களிடம் சொல்லாமலே ஏற்றியிருக்கிறார்கள். ஆனால் சேர்த்த பெயரை நீக்க ஆப்பில் வழி இல்லையாம். மாவட்ட அலுவலகத்தில் எழுதிக் கொடுத்தால் அவர்கள் சென்னைக்கு அனுப்புவார்களாம்.

மீனாட்சி: சேர்க்க ரெண்டு நிமிடம், நீக்கச் சென்னையா? பரவாயில்லை, எழுதிக் கொடுக்கிறேன். அத்தையே கையெழுத்துப் போடுகிறேன் என்கிறார்.

பாத்திமா: நம்பரையும் அழிக்க வேண்டும் என்று தனி வரியாக எழுதுங்கள் அக்கா, பெயரை மட்டும் நீக்கிவிட்டு நம்பரை வைத்துக்கொள்ளப் போகிறார்கள். நகலில் பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்தும் தேதியும் வாங்காமல் வராதீர்கள்.

ராமநாதன் ஐயா: கடிதத்தை நான் எழுதித் தருகிறேன் மீனாட்சி. சாயங்காலம் வீட்டுக்கு வாம்மா. என் வீட்டுப் பெயரும் அதில் சேர வேண்டும் போலிருக்கிறது, எங்கள் வீட்டம்மாவும் நேற்று எண்ணைப் படித்துச் சொல்லியிருக்கிறார்.

ஜோசப்: இன்னும் யார் யார் வீட்டில் சொன்னார்கள் என்று கதவு எண்ணோடு எனக்குத் தனியாக அனுப்புங்கள். ஒரே கடிதமாகக் கொடுப்போம். நாளை பத்து மணிக்கு நானும் கூட வருகிறேன்.