எவ்வளவு தின்றாலும் இன்னும் கேட்கும் பூனை: நாளைக்கு எத்தனை வேளை, எவ்வளவு கொடுக்கலாம்?

களியக்காவிளை மருமகள் (ஜூன் 8, காலை)

எல்லாருக்கும் வணக்கம். எங்க வீட்டு ஆண் பூனை குட்டப்பனுக்கு மூணு வயசு. போன வருஷம் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் பண்ணினோம். அதுக்கு அப்புறம் வீட்டை விட்டு அவ்வளவா வெளியே போறதில்ல, எந்நேரமும் சாப்பாடுதான். நேத்து நான் அவனைத் தூக்கிக்கிட்டு வெயிட் மெஷின்ல ஏறி, பிறகு தனியா ஏறிக் கழிச்சுப் பார்த்தேன். 5.9 கிலோ.

காலையில நான் ஒரு கைப்பிடி டிரை ஃபுட் வைப்பேன். மாமி சாளை மீன் கழுவும்போது தலையும் குடலும் பச்சையா போடுவாங்க. மத்தியானம் சோறும் மீன் குழம்பும். சாயங்காலம் பிள்ளைங்க பால் ஊத்துவாங்க. ராத்திரி வீட்டுக்காரர் தட்டுல இருந்து ஒரு துண்டு. இவ்வளவுக்குப் பிறகும் கிண்ணத்துக்கிட்ட உட்கார்ந்து கத்துவான். குறைச்சாலும் மாமிக்கு மனசு கேக்காது. "வாயில்லா ஜீவன் கேக்குது, குடுக்காம எப்பிடி மக்களே இருக்கது?"ம்பாங்க.

ஜூன் 1ல இருந்து மீன்பிடித் தடைக்காலம், நம்ம பக்கம் விசைப்படகு கடலுக்குப் போகல. சந்தையில மீன் குறைவு, விலையும் கூட. மீன் இல்லாம வச்சா மோந்து பார்த்துட்டுப் போயிடுறான். பசிச்சா தானா திங்கும், ரெண்டு நாள் போட்டுடுன்னு பக்கத்து வீட்டுல சொன்னாங்க. நேத்து முந்தின நாள் ராத்திரியில இருந்து ஒண்ணுமே தொடல. பட்டினி போடுறது சரியா? ஒரு நாளைக்கு எத்தனை தடவை, எவ்வளவு கொடுக்கணும்?

புளியரைக்காரர்

தங்கச்சி, மத்ததெல்லாம் அப்புறம். முதல்ல பட்டினியை நிறுத்துங்க. இன்னைக்கே எதையாவது சாப்பிட வைங்க. மீன்தான் வேணும்னா மீனே வேகவச்சுக் கொடுங்க.

எங்க பூனையும் இப்படித்தான் குண்டு. இளைக்கட்டும்னு நானே ஒரேயடியா சாப்பாட்டை மாத்தினேன். புதுசைத் தொடவே இல்ல. பிடிவாதம்னு நினைச்சு நானும் விட்டுட்டேன். நாலாம் நாள் காதோட உள்பக்கம் மஞ்சளா இருந்துச்சு. செங்கோட்டையில இருந்து திருநெல்வேலி ராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரிக்குத் தூக்கிட்டு ஓடினோம். ஈரல்ல கொழுப்பு படிஞ்சிருச்சுன்னாங்க. அதுவா சாப்பிடலைன்னதும் கழுத்துல குழாய் வச்சு, அது வழியா கஞ்சி மாதிரி அரைச்ச தீவனத்தை வேளைக்குக் கொஞ்சமா ஒரு மாசம் செலுத்தினோம். பிழைச்சது. அந்த ஒரு மாசம் நாங்க யாரும் சரியா தூங்கல. உங்களுக்கு அது வர வேண்டாம்.

குளச்சல் பெரியவர்

மக்களே, எங்க காலத்துல பூச்சைக்குன்னு யாரு அளந்து வச்சா? மீன் கழுவுன மிச்சம், பழஞ்சோறு, கொஞ்சம் பாலு. எல்லாம் நல்லாத்தானே இருந்துது. பாக்கெட்டுத் தீவனம் வந்த பிறகுதான் இந்தச் சீக்கெல்லாம் கேள்விப்படுகேன். தெரிஞ்சவங்க சொல்லுங்க, நான் கேட்டுக்கிடுதேன்.

பாறசாலை கால்நடை மருத்துவர்

புளியரை அண்ணன் சொன்னதுதான் முதல் மருந்து. குண்டான பூனை ரெண்டு மூணு நாள் சாப்பிடாமல் கிடந்தாலே உடம்புக் கொழுப்பெல்லாம் ஈரலுக்கு வந்து குவியும். பூனையின் ஈரலால் அவ்வளவையும் செலவழிக்க முடியாது. நாய் ரெண்டு நாள் பட்டினியைத் தாங்கும், குண்டுப் பூனை தாங்காது. உங்கள் பூனைக்கு ஒன்றரை நாள் ஆகிவிட்டது. இன்று சாயங்காலத்துக்குள் தின்னாவிட்டாலும், வாந்தி இருந்தாலும், ஈறிலோ காதிலோ மஞ்சள் தெரிந்தாலும் நேரே மருத்துவரிடம் போங்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள்: மண் தட்டில் சிறுநீர் போகிறானா? ஆண் பூனை அடிக்கடி உட்கார்ந்து முக்கியும் சிறுநீர் வராவிட்டால், மறுநாள் வரை காத்திருக்கக் கூடாது. அடைப்பு உயிரை எடுத்துவிடும். தொட்டால் வலிக்கிறதா, நடை தள்ளாடுகிறதா என்பதையும் எழுதுங்கள். காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

களியக்காவிளை மருமகள் (ஜூன் 8, மாலை)

டாக்டர், ரெண்டு அயிலை வாங்கி வேகவச்சோம். அரை மீன் தின்னுட்டான்! மாமி அழுதுட்டாங்க. சிறுநீர் நல்லா போறான், மஞ்சள் இல்ல, தொட்டா வலிக்கல, நடையும் சரியா இருக்கு. இனி என்ன பண்ணணும்?

பாறசாலை கால்நடை மருத்துவர்

மனசு லேசானது. இனி நிதானமாகப் பேசலாம்.

தொட்டால் வலிக்குமா என்று கேட்டதற்குக் காரணம் சாளை. கொழுப்பு மிகுந்த மீனையே தினமும் தின்னும் பூனைக்கு வைட்டமின் ஈ போதாமல் போய், தோலுக்கடியில் உள்ள கொழுப்பு மஞ்சளாகி வீங்கும், கை பட்டாலே வலிக்கும். நடையைக் கேட்டது பச்சை மீனுக்காக. சாளை, நெத்தோலி இரண்டிலும் தயமின் என்கிற பி1 வைட்டமினைச் சிதைக்கும் நொதி இருக்கிறது. பச்சையாகவே தின்று வந்தால் பசி குறையும், தலை தொங்கும், தள்ளாடும், வலிப்பும் வரும். வேகவைத்தால் அந்த நொதி செத்துவிடும். மாமி தலையையும் குடலையும் பச்சையாகப் போடுவதை மட்டும் இன்றே நிறுத்தச் சொல்லுங்கள்.

மீன் குழம்பு வேண்டவே வேண்டாம். உப்பும் புளியும் இருக்கட்டும், அதில் அரைத்த சின்ன உள்ளிதான் (சின்ன வெங்காயம்) பெரிய ஆபத்து. உள்ளியும் பூண்டும் பூனையின் சிவப்பணுக்களை உடைக்கும், வெந்தாலும் அந்தக் குணம் போகாது. பாலை வளர்ந்த பூனைகளில் பலவற்றால் செரிக்க முடியாது, கழியும். பிள்ளைகள் பாலுக்குப் பதில் தண்ணீர்க் கிண்ணத்தை நிரப்பட்டும், அதுவும் சாப்பாட்டுத் தட்டிலிருந்து தள்ளி.

பெரியவருக்கு: ஐயா, நீங்கள் சொன்னது உண்மை. ஆனால் அந்தப் பூனைகள் நாம் வைத்ததை மட்டும் தின்னவில்லை. தென்னந்தோப்பில் எலியும் ஓணானும் பிடித்தன. பூனைக்கு டாரின் என்றொரு சத்து கட்டாயம் வேண்டும், அதன் உடம்பால் அதைத் தேவையான அளவு உண்டாக்கிக்கொள்ள முடியாது. எலியின் சதையில் அது நிறைய உண்டு, சோற்றில் கிடையாது. அது குறைந்தால் கண்ணின் விழித்திரை கெடும், இதயத் தசை தளர்ந்துபோகும். வீட்டுக்குள் கிடக்கும் பூனைக்கு எலி இல்லை, அதனால் சரிவிகிதத் தீவனம் வேண்டியிருக்கிறது. டாரின் தண்ணீரில் கரையும், அதனால் மீனோ கோழியோ வேகவைத்தால் அந்தத் தண்ணீரைக் கொட்டாமல் கூடவே வையுங்கள்.

இனி அளவு. குட்டப்பனுக்கு 4.5 கிலோ போதும் என்று தோன்றுகிறது, நேரில் தடவிப் பார்த்துத்தான் உறுதியாகச் சொல்ல முடியும். அந்த எடையில் சும்மா படுத்திருக்கவே 215 கலோரி அளவு வேண்டும். மெதுவாக இளைக்க நாளுக்கு 175 போதும். டிரை ஃபுட் 100 கிராமில் பெரும்பாலும் 350 முதல் 400 கலோரி இருக்கும். அப்படியானால் நாள் முழுவதுக்கும் 45 கிராம்தான். அல்லது 30 கிராம் டிரை ஃபுட்டும் 85 கிராம் வெட் ஃபுட் பாக்கெட் ஒன்றும். எனக்கு இரண்டாவதே பிடிக்கும், வெட் ஃபுட்டில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர், பூனை தானாகக் குடிக்கும் தண்ணீர் குறைவு. கைப்பிடிக் கணக்கு வேண்டாம், சமையல் தராசில் நிறுங்கள். ஒரு கைப்பிடியே 40 கிராம் வந்துவிடும்.

வளர்ந்த பூனைக்கு இரண்டு வேளை போதும். ஆனால் இவன் கத்துகிறவன், அதே அளவை நாலாகப் பிரித்து வையுங்கள். பூனையின் இயல்பே அடிக்கடி கொஞ்சமாகத் தின்பதுதான்.

முதல் பத்து நாள் அளவைக் குறைக்காதீர்கள், வகையை மட்டும் மாற்றுங்கள். வேகவைத்த மீனில் கால் பங்கு புதுத் தீவனம், மூன்று நாள் கழித்துப் பாதி, அப்புறம் முக்கால். வாரத்துக்கு 30 முதல் 60 கிராம் குறைந்தால் சரியான வேகம். ஒருதடவை ரத்தப் பரிசோதனையும் செய்துகொள்ளுங்கள், ஓயாத பசிக்குச் சர்க்கரை நோயும் காரணமாக இருக்கலாம்.

கொழிஞ்சாம்பாறை அக்கா

இடையில் கேட்கிறேன், மன்னிக்கணும். எங்க வீட்டில் ரெண்டு மாசக் குட்டி. அதுக்கும் இதே கணக்கா?

பாறசாலை கால்நடை மருத்துவர்

இல்லை அக்கா. குட்டியை ஒருபோதும் இளைக்க வைக்கக் கூடாது. குட்டிகளுக்கான தீவனமாக நாளுக்கு நாலு தடவை, ஆறு மாதம் வரை மூன்றுக்குக் குறையாமல். தின்றும் வயிறு மட்டும் உப்பியிருந்தால் பூச்சி மருந்து கேளுங்கள். மூன்று மாதத்தில் வெறிநோய்த் தடுப்பூசி.

களியக்காவிளை மருமகள் (ஜூன் 27)

ரத்தப் பரிசோதனையில ஒண்ணும் இல்ல. புதுத் தீவனத்துக்கு வந்துட்டான். ஆனா போன வாரம் எடை குறையல, 50 கிராம் கூடியிருக்கு! நான் நிறுத்துதானே வைக்கிறேன்?

புளியரைக்காரர்

தங்கச்சி, வேற கை எங்கயோ இருக்கு. எங்க வீட்டுல காலையில ஒரு டப்பாவுல நாள் அளவை நிறுத்துப் போட்டு வச்சோம். யார் கொடுத்தாலும் அதுல இருந்துதான். டப்பா காலியானா அன்னைக்கு முடிஞ்சது. உங்க மாமி கையிலேயே அந்த டப்பாவைக் கொடுத்துடுங்க. கொடுக்கிற சந்தோஷம் அவங்களுக்குத்தான் வேணும், அதை ஏன் பறிக்கணும்?

களியக்காவிளை மருமகள் (ஜூலை 31)

அண்ணே, நீங்க சொன்னதுதான் நடந்துச்சு. மாமி ராத்திரி பிஸ்கட் கொடுத்துக்கிட்டு இருந்தாங்க. டப்பாவை அவங்ககிட்டயே கொடுத்தேன். இப்போ நான் ஒரு தீவன மணி கூடுதலாக் கொடுத்தாலும் "அளவு தப்பும் மக்களே"ன்னு அவங்கதான் தடுக்குறாங்க. கத்தும்போது பந்தை உருட்டி விடுறாங்க, அவனும் ஓடுறான். இன்னைக்கு 5.6 கிலோ. விலா எலும்பு மேல கை வச்சா இப்பதான் லேசா தட்டுப்படுது.

இன்னைக்கோட தடைக்காலம் முடியுது. சந்தையில இனி மீன் வந்துடும். வாரத்துல ஒரு நாள் ரெண்டு சாளை வேகவச்சுக் கொடுக்கலாமான்னு மாமி கேக்கச் சொன்னாங்க.

பாறசாலை கால்நடை மருத்துவர்

ஒன்று போதும் என்று சொல்லுங்கள். உப்பில்லாமல், முள் எடுத்து. அன்றைக்கு டப்பாவில் பத்து கிராம் குறைக்க வேண்டும்.

களியக்காவிளை மருமகள்

சொல்லிட்டேன் டாக்டர். முள் எடுக்கிறது அவங்க வேலையாம், என்னை நம்ப மாட்டாங்களாம்.