டி-சர்ட்டுக்கு எவ்வளவு கொடுக்கலாம்? திருப்பூரில் கற்றது

கல்லூரியில் சேரவிருந்த மகனுக்காக, மூன்று ஆண்டுகளுக்கு முன் திருப்பூரின் பனியன் சந்தையான காதர்பேட்டையில் 150 ரூபாய் வீதம் ஆறு வட்டக்கழுத்து டி-சர்ட்டுகளை வாங்கிக்கொண்டு, மிச்சம் பிடித்த மகிழ்ச்சியோடு பெரியப்பா வீட்டுக்குப் போனேன். முப்பது ஆண்டுகளுக்கு மேல் பனியன் கம்பெனிகளில் கட்டிங் மாஸ்டராக இருந்த அவர், ஒன்றை விரித்து, பக்கத் தையலை மேலிருந்து கீழ்வரை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "நாலு தண்ணி பட்டா இந்தத் தையல் முன்னால வந்துரும் கண்ணு" என்றார்.

பிறகு, துணியை வட்டமாக வெட்டும் கருவியை எடுத்து வந்தார். அது வெட்டித் தரும் துண்டு சரியாக 100 சதுர சென்டிமீட்டர் இருக்கும். கிராமில் அதன் எடையை நூறால் பெருக்கினால் ஜிஎஸ்எம், அதாவது ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் என்ற கணக்கு, கிடைத்துவிடும். ஆறில் ஒன்றை வெட்டித் தராசில் வைத்தபோது 1.4 கிராம் காட்டியது. கடையில் 180 ஜிஎஸ்எம் என்று சொல்லி விற்றது உண்மையில் 140தான். எடை குறைவாக இருப்பது மட்டுமே குற்றமில்லை என்பதையும் அவர் சொன்னார். நம் வெயிலுக்கு 220 ஜிஎஸ்எம் துணியைவிட 160 சுகமாக இருக்கும். சொன்ன எடையும் இருக்கும் எடையும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதே அவர் கவலை.

மீதி ஐந்தும் அவர் சொன்னபடியே ஆயின. இடப்பக்கத் தையல் வயிற்றை நோக்கித் திரும்பியது, நீளம் இரண்டு விரற்கடை குறைந்தது. டி-சர்ட்டுக்குப் பயன்படும் சிங்கிள் ஜெர்சி என்ற மெல்லிய பின்னல் துணியில் நூலின் முறுக்கு தண்ணீர் பட்டதும் தளர முயல்வதால் துணி கோணிக்கொள்கிறது. சாயம் ஏற்றி உலர்த்திய துணியைக் காம்பேக்டிங் இயந்திரத்தில் நெருக்கி, சுருங்க வேண்டியதை முன்கூட்டியே சுருக்கிவிடுவது நல்ல கம்பெனிகளின் வழக்கம். அந்தச் செலவை மிச்சப்படுத்தினால், சுருங்கும் கணக்கு நம் வீட்டு வாளியில்தான் தீரும்.

அடுத்த ஆண்டு 400 ரூபாய் வீதம் இரண்டு மட்டும் எடுத்தேன். குட்டை இழைகளைச் சீவி நீக்கிய கோம்டு பருத்தி என்பதால், இரண்டு ஆண்டு உடுத்திய பின்னும் அக்குளில்கூட நூல் உருண்டை பிடிக்கவில்லை. தினசரி உடுப்புக்கு 350 முதல் 450 வரை கொடுப்பது என்பது இப்போது என் முடிவு. அதற்கு மேல் கொடுக்கும் பணத்தில் பெரும்பகுதி துணிக்கு அல்ல, நெஞ்சில் இருக்கும் பெயருக்குத்தான் போகிறது என்று பெரியப்பா சொன்னதை நானும் ஏற்கிறேன்.

மறுமொழி:

அக்கா, நான் பன்னிரண்டு ஆண்டுகளாகத் திருப்பூரில் தைத்த துணியில் குறை பார்க்கும் செக்கிங் வேலை பார்க்கிறேன். ஒரு கிலோ துணியில் நான்கைந்து டி-சர்ட்டுகள்தான் தேறும். அதற்குமேல் சாயம், தையல் கூலி, இஸ்திரி எல்லாம் இருக்கின்றன. 2011 ஜனவரியில் உயர் நீதிமன்ற உத்தரவால் சாயப்பட்டறைகள் மூடப்பட்ட பிறகு, கழிவுநீரை ஒரு சொட்டும் வெளியே விடாமல் சுத்திகரித்தால்தான் அவை இயங்க முடியும் என்றானது. சாயக்கழிவால் நொய்யல் ஆறு இருந்த இருப்பைப் பார்த்து வளர்ந்தவள் என்பதால், அந்தச் செலவும் சேர்ந்த விலையைக் கொடுக்க எனக்கு மனத்தாங்கல் இல்லை. நம்ப முடியாத விலைக்கு ஒரு பீஸ் கிடைத்தால், இவற்றில் எதை விட்டிருப்பார்கள் என்றே என் மனம் தேடும்.

ஆனால் காதர்பேட்டையை ஒரேயடியாக ஒதுக்கிவிடாதீர்கள். ஏற்றுமதி ஆர்டரில் மிஞ்சிய நல்ல சரக்கு அங்கே குறைந்த விலைக்கு வரத்தான் செய்கிறது. போன தீபாவளிக்குத் தம்பிக்கு எடுத்தபோது, ரிப் எனப்படும் கழுத்துப் பட்டையை இரண்டு கையாலும் இழுத்துவிட்டுப் பார்த்தேன். அலையடிக்காமல் பழைய அளவுக்குத் திரும்பியது. உள்ளே திருப்பி, தோள்பட்டையில் டேப் வைத்துத் தைத்திருக்கிறார்களா, ஓரம் பிரியாமல் போடும் ஓவர்லாக் தையலில் எங்கேனும் நூல் விட்டிருக்கிறதா என்று பார்த்த பிறகே 220 ரூபாயை எடுத்துக் கொடுத்தேன்.