பதினேழு வயதில் பிரைமரி வாக்கு: எந்த நியாயத்தில்?

கேள்வி: அல்சூர்வாசி

என் மகள் இங்கே பெங்களூருவில் பி.யூ.சி. இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். நவம்பர் பொதுத்தேர்தலுக்குள் 18 வயது நிறைந்துவிடும் என்றால், கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் பிரைமரியில் 17 வயதிலேயே வாக்களிக்க அமெரிக்காவின் பல மாநிலங்கள் இடமளிக்கின்றன. கல்லூரிப் பேச்சுப் போட்டியில் அந்த ஏற்பாட்டை ஆதரித்து அவள் பேசப்போகிறாள். வாக்குரிமைக்கு 18 வயது என்று வகுத்துவிட்டுப் பிரைமரிக்கு மட்டும் தளர்த்துவது எந்த நியாயத்தில்? நம் நாட்டில் இதற்கு இடமுண்டா?

பதில்: பிரேசர் டவுன் வக்கீல்

அமெரிக்க அரசமைப்பில் 1971-இல் வந்த 26-ஆவது திருத்தம், 18 வயது நிறைந்தவருக்கு வயதைக் காரணம் காட்டி வாக்குரிமையை மறுக்கக்கூடாது என்று மட்டுமே சொல்கிறது. அதற்கும் குறைந்த வயதினருக்கு ஒரு மாநிலம் தானாக உரிமை வழங்குவதை அது தடுக்கவில்லை. இல்லினாய், மேரிலாந்து, வர்ஜீனியா, ஒஹாயோ ஆகியவை அப்படி வழங்கிய மாநிலங்களுள் சில. நவம்பரில் வாக்குச்சீட்டில் யார் பெயர் இருக்க வேண்டும் என்பதைப் பல மாதங்களுக்கு முன்பே பிரைமரி முடிவு செய்துவிடுகிறது. ஒரே கட்சி தொடர்ந்து வெல்லும் தொகுதியிலோ உண்மையான போட்டியே அதுதான். நவம்பரில் வாக்களிக்கப்போகிறவரை அந்தக் கட்டத்தில் வெளியே நிறுத்துவது அரை உரிமைதான்.

ஒஹாயோவை உங்கள் மகள் ஊன்றிப் படிக்கட்டும். அங்கே 17 வயதினர் வேட்பாளர்களைத் தேர்ந்தெடுக்கலாம். அதே நாளில் வரும் வரி முன்மொழிவுகளின் மீது வாக்களிக்க முடியாது. 2016-இல் அம்மாநிலத் தேர்தல் பொறுப்பு அமைச்சர், அதிபர் பிரைமரியில் தேர்வாவோர் கட்சி மாநாட்டுக்குச் செல்லும் பிரதிநிதிகளே, வேட்பாளர்கள் அல்லர் என்று வாதிட்டு இவர்களை விலக்கப் பார்த்தார். வாக்குப்பதிவுக்குச் சில நாள்களே இருந்த நிலையில் நீதிமன்றம் அந்த விளக்கத்தை ஏற்க மறுத்தது.

பதில்: சிவாஜிநகர் பழைய ஆள்

வக்கீல் ஐயா ஒரு பக்கத்தை மட்டும் சொல்லியிருக்கிறார். கலிஃபோர்னியாவில் 2020 நவம்பரில் இதே யோசனை 18-ஆம் எண் முன்மொழிவாக மக்கள் முன் வந்து, ஏறத்தாழ 56 விழுக்காட்டினரின் எதிர்ப்பால் தோற்றது. பிரைமரி வாக்குச்சீட்டிலேயே வரி விவகாரங்களும் இடம்பெறும் என்பது எதிர்த்தோரின் முக்கிய வாதம்; ஒஹாயோ இட்ட வேலி அங்கே இல்லை. எனக்கு அங்கே வாக்கு இருந்திருந்தால் நானும் எதிர்த்தே போட்டிருப்பேன்.

இங்கே வேட்பாளரை மேலிடம் அறிவிக்கிறது, தொண்டர் போஸ்டர் ஒட்டுகிறார். 17 வயதுக்காரருக்கு மட்டுமல்ல, 70 வயதான எனக்கும் அதில் பங்கில்லை. விதிவிலக்காக, 2014 மக்களவைத் தேர்தலுக்கு முன் காங்கிரஸ் சில தொகுதிகளில் பிரைமரி நடத்திப் பார்த்தது. நம் பெங்களூரு வடக்கும் அவற்றுள் ஒன்று. கட்சிப் பொறுப்பாளர்களே அதில் வாக்களித்தனர், சி. நாராயணசாமி தேர்வாகி, பொதுத்தேர்தலில் சதானந்த கௌடாவிடம் தோற்றார்.

பதில்: ஜெயநகர் ஆசிரியை

நம் அரசமைப்பின் உறுப்பு 326 வாக்காளருக்கு 18 வயது நிறைந்திருக்க வேண்டும் என்கிறது. 21-லிருந்து அதைக் குறைத்த 61-ஆவது திருத்தம் 1989-இல் நடைமுறைக்கு வந்தது. ஆனால் அது மக்களவை, சட்டப்பேரவைத் தேர்தல்களுக்கான விதி. கட்சிகள் உள்ளுக்குள் நடத்தும் தேர்வு அதில் வராததால், 17 வயதினரைச் சேர்ப்பதும் தவிர்ப்பதும் அந்தந்தக் கட்சியின் விதியைப் பொறுத்ததே.

நம்மிடம் இதற்கு நெருக்கமாக இருந்த குறை வேறு. வாக்காளர் பட்டியலில் சேர 18 வயது நிறைந்ததா என்று கணக்கிடும் தகுதி நாள் முன்பு ஜனவரி 1 ஒன்றுதான். ஜனவரி 2-இல் பிறந்தவர் 18 முடிந்த பின்னும் ஏறத்தாழ ஓராண்டு காத்திருந்தார். 2021-ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தத்தின் பயனாக ஏப்ரல் 1, ஜூலை 1, அக்டோபர் 1 ஆகியனவும் தகுதி நாள்களாயின. 17 நிறைந்தவர் பெயர் சேர்ப்பதற்கான விண்ணப்பமான படிவம் 6-ஐ முன்கூட்டியே கொடுத்து வைக்கலாம். உரிய காலாண்டில் பெயர் பட்டியலில் ஏறும். உங்கள் மகளுக்கு 17 முடிந்துவிட்டதென்றால், ஐயா, போட்டிக்குப் போகும் முன் அதை நிரப்பிக் கொடுக்கச் சொல்லுங்கள்.